அவரு மட்டும் பாத்த முகம்

கதவைச் சாத்தியாச்சு. உள்ள அவரு, கவுன்சிலிங் குடுக்குற ஜெசிந்தா மேடம், நடுவுல ஒரு மேசை. வெளிய பெஞ்சுல நான். மணி பதினொண்ணு பத்து. நாப்பது நிமிசம் ஆகும் நாகஜோதி, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கன்னாங்க மேடம். டீயாம். எட்டு மாசமா வாயத் தொறக்காத மனுசன் உள்ள உக்காந்திருக்காரு, நான் போய் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டு வாயத் தொடச்சுக்கிட்டு வரணுமாம். நகர மாட்டேன். இந்தக் கதவு தொறக்குறப்ப நான் இங்கதான் இருப்பேன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுக்குப் பதில் சொன்னாப் போதும். எம்புள்ள எப்படி இருந்தா? மூக்கு எப்படி, நெத்தி எப்படி, தலையில முடி இருந்துச்சா, கண்ணு மூடியிருந்துச்சா. நான் பாக்கலை. ஒம்பது மாசம் சுமந்தவ பாக்கலை. முழு மயக்கத்துல கட்டை மாதிரி கெடந்தேன். நெனவு தெளிஞ்சப்ப சாயங்காலம் அஞ்சு மணி, அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. துணியில சுத்திக் குடுத்தது அவரு கையில. கொண்டு போயி மண்ணுல வெச்சதும் அவருதான். எம்புள்ள மூஞ்சியப் பாத்த ஒரே சொந்தம், எங்கூட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலை. இன்னைக்கும் சொல்லலைன்னா நான் வேடசந்தூருக்குப் பஸ் ஏறிருவேன், எங்கண்ணன் வீட்டுக்கு. நாலு சேலை, சர்டிபிகேட்டு எல்லாம் ஒரு கட்டைப்பையில போட்டு, கடையில லேமினேஷன் மிசினுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரியும்.

சுவத்துல இந்த ஃபேன் ஒரு பக்கமாத் திரும்புது, திரும்பி வராம அங்கயே நின்னு டக்கு டக்குங்குது, அப்புறம் யாரோ அதட்டுன மாதிரி இந்தப் பக்கம் வருது. டக்கு டக்கு. கடையில எங்க ஜெராக்ஸ் மிசினும் பேப்பர் சிக்குனா இப்படித்தான். கலெக்டராபீசுக்கு எதிர்த்தாப்புல கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், மனு டைப்பிங். திங்கக்கிழமை மனுநீதி நாள் வந்தா எனக்கு மூத்திரம் போகக்கூட நேரம் இருக்காது. பட்டா வரலை, முதியோர் பென்ஷன் நின்னுபோச்சு, பக்கத்து வீட்டுக்காரன் பாதையை அடைச்சுட்டான். அவங்க அழுதுக்கிட்டே அரை மணி நேரம் சொல்றத நான் அரைப் பக்கத்துல அடிச்சுக் குடுத்துருவேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. அதுல ஒரு சுகம் இருக்கு. எவ்வளவு பெரிய கஷ்டமா இருந்தாலும் பொருள்ங்கிற எடத்துல ஒத்த வரியில உக்காந்துரும். எட்டு மாசமா நானும் மனசுக்குள்ள ஒரு மனு அடிச்சு அடிச்சு அழிச்சுக்கிட்டு இருக்கேன். அனுப்புநர், த. நாகஜோதி. பெறுநர், திரு. தவமணி அவர்கள், குட்டியானை வண்டி ஓட்டுநர், நிலக்கோட்டை பூ மார்க்கெட். பொருள்: இறந்து பிறந்த பெண் குழந்தையின் முகத்தோற்றம் குறித்த விவரம் வேண்டுதல் சார்பாக. பார்வை: எனது முந்தைய வாய்மொழிக் கோரிக்கைகள் மூன்று. ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் தங்களுடன் நான்கு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். அதுக்கு மேல போகாது. வசித்து வருகிறேன்லயே நின்னுரும். வசிக்கிறேனான்னே தெரியலையே, என்னத்த அடிக்கிறது.

மூணு தடவை கேட்டேன், பொய்யில்லை. மொதத் தடவை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். சோறு போட்டுக்கிட்டே மெதுவாத்தான் கேட்டேன், பாப்பா யாரு சாடைன்னு. தட்டுல கையை வெச்சபடியே இருந்தாரு, அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு. சரி, ஆம்பள, தாங்கலை போலன்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை வண்டியில. மதுரை போயிட்டுத் திரும்பி வர்றோம், கொடைரோடு டோல்கேட்டுல நிக்குறோம். கேட்டேன். பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், இவரு வண்டிய எடுக்கவே இல்ல. முன்னாடி பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. மூணாவது தடவை நான் கேக்கலை, கத்துனேன். மாடியில குடியிருக்கிற டீச்சரம்மா வீட்ல டிவி சத்தம் கொறையுற அளவுக்குக் கத்துனேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுடான்னேன். புருசன டான்னு கூப்பிட்டேன், அதுக்காக இன்னைக்கும் வருத்தமில்ல. அதுக்கு அந்த மனுசன் சொன்ன பதிலு: நான் சொல்லித்தான் நீ தெரிஞ்சுக்கணுமா? அன்னைக்கு மனசு விட்டுப்போச்சு. நான் சொல்லித்தான் நீ தெரிஞ்சுக்கணுமான்னா என்னடா அர்த்தம்? நீ சொல்லாம வேற எவன் வந்து சொல்லுவான்? சொத்துப் பத்திரத்த ஒளிச்சு வெக்கிறவன் மாதிரி எம்புள்ள மூஞ்சிய ஒளிச்சு வெச்சிருக்கான். அன்னைக்கு ராத்திரியில இருந்து நான் அவரு தட்டுக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுறதில்ல.

உள்ள நாற்காலி இழுபடுற சத்தம். எந்திரிச்சுட்டாரா? இல்ல. இருமுறாரு. அது அவரு இருமல்தான், பூவோட மகரந்தம் தொண்டையில ஏறி நாலு வருசமா இருக்கிற இருமல். பக்கத்துல ஒரு அக்கா வந்து உக்காந்துச்சு, கையில ஓபி சீட்டு, மடியில மாத்திரைக் கவரு. யாருக்குப் பாக்க வந்தீங்கன்னு கேட்டுச்சு. வீட்டுக்காரருக்குன்னேன். குடியான்னுச்சு. இல்லக்கா, பேச மாட்டேங்கிறாருன்னேன். அந்தக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, அட இதுக்கா கூட்டிட்டு வந்த, எங்காளு பேசுறத நிறுத்த ஒரு மாத்திரை இருக்கான்னு கேக்கத்தான் நான் வந்திருக்கேன்னுச்சு. சிரிச்சுட்டேன். சிரிச்ச உடனே பயமாப் போச்சு, இந்தக் கதவுக்கு வெளிய உக்காந்து சிரிக்கிறோமேன்னு. எட்டு மாசத்துல சிரிக்கிறப்பல்லாம் இப்படித்தான், சிரிப்பு வாயில இருக்கிறப்பவே யாரோ முதுகுல தட்டுற மாதிரி இருக்கும். மணி பதினொண்ணு பத்தொம்பது.

இங்க வரணும்னு நான் வரலை. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. பேசுனா வலி போயிருமா, அப்படிப் பாத்தா டீக்கடையில ஒருத்தனுக்கும் வலியே இருக்கக் கூடாதே. கடை ஓனரக்காதான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து விட்டாங்க. அன்னைக்கு ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், பிறப்புச் சான்றிதழ் ரெண்டு காப்பி வேணும்னு நீட்டுனான். பெண் குழந்தை. தேதிய நான் பாத்திருக்கக் கூடாது. பாத்துட்டேன். எம்புள்ள தேதி. அதே ஊரு, அதே நாளு. பட்டன அமுக்குனேன், ரெண்டு வந்துச்சு. மறுபடி அமுக்குனேன். மறுபடி. அந்தப் பையன், அக்கா போதும்க்கான்னு சொல்றது காதுல விழுது, கை நிக்க மாட்டேங்குது. டிரேயில இருந்த பேப்பரெல்லாம் தீந்துபோயி மிசின் கத்துற வரைக்கும் அமுக்கியிருக்கேன். அவன் மகளோட பேரு வரிசையா வந்து தரையில விழுந்து கெடக்குது. எம்மகளுக்கு அப்படி ஒரு பேப்பரு கெடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டுல கூட நாகஜோதி குழந்தைன்னுதான் போட்டிருக்கு. ஓனரக்கா திட்டலை, பேப்பரப் பொறுக்கி எடுத்துட்டு, கடைய சாத்திட்டு, இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. மொத நாளு நான் ஜெசிந்தா மேடத்த நல்லா ஏசுனேன். உங்களுக்கு எத்தனை புள்ள மேடம்னு கேட்டேன். எல்லாம் பொழச்சுக் கெடக்கான்னு கேட்டேன். இன்னைக்கு நெனச்சா நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. அவங்க ஒண்ணும் கோவிக்கலை. அடுத்த வாரமும் வாங்க, மிச்சத்தையும் ஏசலாம்னாங்க. சரி, இந்தம்மாவுக்கும் கொஞ்சம் லூசுதான்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா அடுத்த வாரமும் போனேன்.

மூணாவது வாரம்தான் கேட்டாங்க, பாப்பாவுக்குப் பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தீங்களான்னு. அப்படி ஒரு கேள்விய யாருமே கேக்கலை. சொந்தபந்தம் அத்தனையும் வந்துச்சு, துக்கம் விசாரிக்க வந்த மாதிரியும் இல்ல, வராத மாதிரியும் இல்ல. பெரியவங்க செத்தா பந்தல் போடுறோம், பதினாறு நாள் காக்குறோம். இதுக்கு ஒண்ணும் கெடையாது. அழுதா, பச்ச ஒடம்புக்காரி அழக்கூடாதும்பாங்க. அழாம இருந்தா, கல்லு மாதிரி இருக்காளேம்பாங்க. மரம் இருந்தா காய் காய்க்காமலா போயிரும், அடுத்த வருசமே மடியில ஒண்ணு கெடக்கும் பாருன்னு எங்க பெரியம்மா. அந்த மரத்துகிட்ட யாராச்சும் கேட்டாங்களா, விழுந்த காய் எப்படி இருக்கும்னு. பேரு இருந்துச்சுங்க மேடம், ஏழாவது மாசத்துலயே நான் வெச்சுட்டேன், அவருகிட்டகூடச் சொல்லலை, வளைகாப்பு அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அன்னைக்குக் கூட்டத்துல சொல்ல முடியலை. இலக்கியான்னு சொன்னேன். மேடம் அவங்க நோட்டுல எழுதுனாங்க. வேகமா இல்ல, பள்ளிக்கூடத்துல புள்ளைங்க புது நோட்டுல எழுதுமே அப்படி, ஒவ்வொரு எழுத்தா. தலைகீழா இருந்து நான் படிச்சேன். உலகத்துல ஒரு பேப்பருல எம்மக பேரு இருக்கு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனேன். அதனால பேசுனா ஒண்ணுமே ஆகாதுன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். வலி போகாது. ஆனா ஒரு ஆளு வந்து கூட உக்காந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஏன் சொல்ல மாட்டேங்கிறாரு? அங்கதான் மனசு போய்ப் போய் முட்டுது. ஒருவேளை மூஞ்சி நல்லா இல்லையோ. அப்படி ஏதும் கொறை இருந்திருக்குமோ. உதடு பிளந்து, இல்ல நெத்தி அமுங்கி. நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சுருச்சு, ரத்தம் நிக்கலை, தாயக் காப்பாத்துனதே பெருசுன்னாங்க டாக்டரு. மூச்சில்லாம கெடந்த புள்ள, நீலம் பாரிச்சுப் போயிருக்கும்னு ஒருத்தி சொன்னா, அவ நல்லாவே இருக்க மாட்டா. நீலமாவா? அதான் சொல்ல மாட்டேங்கிறாரா? அதைச் சொன்னா நான் தாங்க மாட்டேன்னா? டேய், நீலமா இருந்தாலும் எம்புள்ளடா. மூக்கே இல்லைன்னாலும் எம்புள்ளடா. தெரியாம இருக்கிறதுதான் கொடுமை. பஸ்சுல போற வர்ற புள்ளையெல்லாம் பாக்குறேன். ஒரு மூஞ்சிய எடுத்து எம்மகளுக்கு வெச்சுப் பாப்பேன், ஒரு நிமிசம் நிக்கும், அப்புறம் அந்தப் புள்ள அதோட அம்மாவப் பாத்துச் சிரிச்சுரும், போச்சு. ஆதார் கார்டு லேமினேட் பண்ண வர்ற புள்ளைங்க போட்டோவைக்கூட விடுறதில்ல. கனவுல அவ வர்றா, வராம இல்ல. நல்லாத்தான் தவழ்ந்து வர்றா. நிமிந்தா கழுத்துக்கு மேல ஒரு துணி.

அவரும் கல்லு இல்ல. எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு கோவம். மூணாம் நாளு பால் கட்டிக்கிருச்சு எனக்கு. குடிக்கப் புள்ள இல்லைன்னு மாருக்கு யாரு சொல்றது? கல்லு மாதிரி ஆகி, காய்ச்சல் வந்து, கை மேல பட்டாலே உயிர் போகுது. அத்தை, அவரோட அம்மா, வந்து பாத்துட்டு மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுனா பால் வத்திரும்னாங்க. மறுநா விடியக்காலம் அவரு ஒரு கூடை கொண்டாந்து கட்டில்கிட்ட வெச்சாரு. நிலக்கோட்டை மல்லி, மொதல் ரகம், அப்பத்தான் பறிச்ச மொட்டு. கல்யாண வீட்டுக்குப் போறதா இருந்த கூடைன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. வெச்சுட்டுப் போயிட்டாரு, என்னைய நிமிந்து பாக்கலை. அத்தை ஈரத்துணியில பூவப் பரப்பி மாருல வெச்சு இறுக்கிக் கட்டுனாங்க. ரெண்டு நாள் கட்டியிருந்தேன். சூடுல பூவு வெந்து, பாலும் பூவும் கலந்து ஒரு வாடை. பால் வத்திருச்சு. அதுல இருந்து தலையில பூ வெக்க முடியலை. அவரு தெனமும் பூ மூட்டையில படுத்து எந்திரிச்ச மாதிரி வீட்டுக்கு வர்றாரு, நான் மூக்கப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். நான் மூக்கப் பொத்துறத அவரு பாத்திருக்காரு. அதுக்கப்புறம் வாசல்லயே குளிச்சுட்டுத்தான் உள்ள வர்றாரு, மார்கழியிலகூட. அதைச் செய்யத் தெரியுது. ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியலை. மனுசனுக்கு எல்லாம் கையிலதான் இருக்கு, வாயில ஒண்ணும் இல்ல.

மேடம் கூப்பிடச் சொன்னப்ப, எனக்கென்ன பைத்தியமான்னுதான் கேட்டாரு. அப்ப எனக்குப் பைத்தியமான்னு நான் கேட்டேன். அதோட பேச்சு நின்னுச்சு. அஞ்சு வாரம் நான் மட்டும்தான் வந்தேன். நேத்து சாயங்காலம் திடீர்னு, நாளைக்கு எத்தனை மணிக்குன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கலை, கேட்டா வேதாளம் முருங்கை மரம் ஏறிரும். காலையில பாத்தா சவரம் பண்ணி, பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு நிக்குறாரு. வழியெல்லாம் பேசலை. படியேறுறப்ப மட்டும் அந்தம்மா என்ன கேப்பாங்கன்னு கேட்டாரு. நீ பாத்தத கேப்பாங்கன்னு சொன்னேன். படியிலயே நின்னுட்டாரு. திரும்பிப் போயிருவாருன்னு நெனச்சேன். போகலை, ஏறுனாரு. நின்ன எடத்துல இருந்து அடுத்த படி ஏற அவருக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

பதினொண்ணு நாப்பத்தி மூணு. உள்ள சத்தமே இல்ல. பேசுறாரா பேசலையா? மேடம் குரலும் கேக்கலை. அவங்க அப்படித்தான், சும்மா இருப்பாங்க. நாம சொல்ற வரைக்கும் சும்மா இருந்தே நம்ம வாயப் புடுங்குவாங்க. இவருகிட்ட அது பலிக்குமா? இவரு சும்மா இருக்குறதுல மன்னரு. ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து சும்மா இருந்தா நாப்பது நிமிசம் என்ன, நாலு நாள் ஓடிரும். வேடசந்தூர் பஸ்சு பன்னெண்டே காலுக்கு. அண்ணி என்ன சொல்லுவாங்க? ரெண்டு நாள் நல்லாத்தான் பாத்துப்பாங்க, மூணாவது நாளு எத்தனை நாள் லீவுன்னு கேப்பாங்க. கேக்கட்டும். அவரு சோத்துக்கு என்ன பண்ணுவாரு? என்னமோ பண்ணட்டும். ரசத்துக்கு அவரே உப்புப் போட்டுக்கட்டும். எனக்கு எதுக்கு இப்ப கண்ணு கலங்குது, போறதுன்னு முடிவு பண்ணுனவ நான்தானே. ஒரு சத்தம். இழுத்து இழுத்து, அடைச்ச குழாயில தண்ணி வர்ற மாதிரி. பக்கத்து அறையா? யாரோ உள்ள மூச்சுக்குத் திணறுறாங்க. பக்கத்துல அந்தக்கா பேச்ச நிறுத்திட்டு என்னையப் பாக்குது. உங்க வீட்டுக்காரருதான் போலன்னுச்சு. இல்லக்கா, எங்க வீட்டுக்காரரு அழமாட்டாருன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த இருமல் வந்துச்சு, அழுகைக்கு நடுவுல, அந்தப் பூ இருமல். நான் எந்திரிச்சுட்டேன். கதவுல கை வெச்சுட்டு, தொறக்கல.

கதவு உள்ள இருந்து தொறந்துச்சு. மேடம் நின்னாங்க, அவங்க கண்ணும் நல்லா இல்ல. இதை அவரே உங்ககிட்ட சொல்றதுதான் சரி, உள்ள வர்றீங்களான்னு கேட்டாங்க. அதுக்குள்ள அவரு பின்னாடியே வந்துட்டாரு, சட்டை மார்பெல்லாம் நனைஞ்சிருக்கு. பெஞ்சுல போயி உக்காந்துட்டாரு, வராண்டாவுல, அத்தனை பேருக்கு நடுவுல. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். நீலமா இருந்தாலும் சொல்லு, எதுவா இருந்தாலும் சொல்லுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே நின்னேன். அவரு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் பாக்கல ஜோதி."

என்னத்தப் பாக்கலன்னு கேட்டேன்.

"மூஞ்சிய. துணி போட்டு மூடித்தான் குடுத்தாங்க. தகப்பன் மொகம் பாத்தா அடுத்த புள்ள தங்காது, தொறக்காதடான்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் தொறக்கல. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் காட்டுவாங்கல்ல, தாய்கிட்ட காட்டி என்ன குழந்தைன்னு கேப்பாங்கல்ல. உனக்கும் காட்டியிருப்பாங்கன்னுதான்..."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. இந்த ஊரு ஆஸ்பத்திரியில புள்ள பொறந்த உடனே தாய்கிட்ட தூக்கிக் காட்டி, என்ன குழந்தை, வாயத் தொறந்து சொல்லும்மான்னு நர்சு கேக்கும். புள்ள மாறிப்போச்சுன்னு நாளைக்கு சண்டை வரக் கூடாதுல்ல, அதுக்கு. தாயி பொம்பளப் புள்ளன்னு தன் வாயால சொல்லணும். வார்டுல வெளிய நிக்கிற ஆம்பளைங்களுக்கெல்லாம் இது தெரியும். இவருக்கும் தெரியும். முழு மயக்கம்னா என்னன்னுதான் இந்த மனுசனுக்குத் தெரியலை, யாரும் சொல்லவும் இல்லை. ஆக, எட்டு மாசமா நான் கேக்குறப்பல்லாம் அவரு என்னைய என்னன்னு நெனச்சிருக்காரு? மூஞ்சியப் பாத்தவ, பாக்காத தகப்பன்கிட்ட வந்து, எப்படி இருந்தான்னு சொல்லு சொல்லுன்னு குத்துறான்னு. பாக்கலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நான் என்னைக்காச்சும் என் வாயால சொல்லுவேன்னு அவரு காத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அப்ப எம்புள்ள மூஞ்சிய யாருமே பாக்கலை. டாக்டரு பாத்திருப்பாங்க, நர்சு பாத்திருப்பாங்க, அன்னைக்கு எத்தனையோ பிரசவம். பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் வெச்சுக்க வேண்டியவங்க பாக்கவே இல்ல. இனிமே எவனுக்கு மனு எழுதி எங்க குடுக்குறது? தரையிலயே உக்காந்துட்டேன், அவரு காலுக்குப் பக்கத்துல. அழுதேன், ஒளிக்காம அழுதேன், வந்தவங்க போனவங்க எல்லாம் சுத்திப் போனாங்க. கடைசி ஆசையும் போச்சுன்னு அழுதேன். அவரும் அழுதாரு. நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதது அன்னைக்குத்தான் மொதத் தடவை.

எவ்வளவு நேரம்னு தெரியலை. அவரு மெதுவாக் குனிஞ்சு, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாரு, மண்ணுல வெக்கிறப்ப துணி கீழ்ப்பக்கம் வெலகிருச்சுன்னு. ஒரு காலு வெளிய வந்துருச்சு. வலது காலு. மூஞ்சியத்தானே பாக்கக் கூடாதுன்னாங்க, காலப் பாக்கக் கூடாதுன்னு சொல்லலையேன்னு அதை மட்டும் கையில வெச்சுக்கிட்டு இருந்தாராம், கூட வந்த மச்சான் ஒருத்தரு நேரமாச்சு நேரமாச்சுங்கிற வரைக்கும். நீலமான்னு கேட்டேன். இல்லன்னாரு. செகப்பா இருந்துச்சுன்னாரு. என் உள்ளங்கையில பாதிகூட இல்லன்னு கையை விரிச்சுக் காட்டுனாரு. அப்புறம் என் காலப் பாத்தாரு. செருப்ப அவரே கழட்டி, ரெண்டாவது வெரலத் தொட்டாரு, மெட்டி கெடக்குற வெரலு. அது என் பெருவெரல விட ஒரு நகத்தளவு நீளம். கல்யாணத்தன்னைக்கு அம்மி மேல என் காலத் தூக்கி வெச்சு மெட்டி போடுறப்ப அந்த மூட்டுல சிக்கிக்கிட்டு உள்ள போகவே மாட்டேன்னுச்சு, மண்டபமே சிரிச்சுச்சு. பெருவெரலத் தாண்டுன வெரலுடா தவமணி, உன்னைய ஆட்டி வெக்கப் போறான்னு அவங்க சித்தி சத்தமாச் சொன்னாங்க. வேர்த்து விறுவிறுத்து அந்த வெரலையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த ஆளு, அதை மறப்பாரா.

"இதேதான்," ன்னாரு. "இம்புட்டுக்காணு. ஆனா இதேதான். தாண்டி இருந்துச்சு."

நான் என் காலப் பாத்தேன். முப்பது வருசமா என்கூடவே இருக்குற காலு, ஒரு நாளும் உத்துப் பாத்ததில்ல. அந்த வெரல் நகம் கொஞ்சம் சாஞ்சு இருக்கும். நகமும் சாஞ்சிருந்துச்சான்னு கேட்டேன். யோசிச்சாரு. பொய் சொல்லலாம், சொல்லலை. நகம் பாக்கலைன்னாரு. சரின்னேன். மேடம் கதவுகிட்டயே நின்னாங்க, கூப்பிடலை. அவரு வெரல விடலை, கட்டைவெரலால மெட்டியத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தாரு, மூக்க உறிஞ்சுனாரு, அப்புறம் என்னைய நிமிந்து பாத்தாரு.

"எங்கயோ ஒரு பய நம்ம மககிட்ட மாட்டாம தப்பிச்சுட்டான் ஜோதி," ன்னாரு.

எனக்குச் சிரிப்புத்தான் மொதல்ல வந்துச்சு.